வழிமுறை எழுதாத விடை

அன்று பத்திர எழுத்தரின் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். என் அண்ணன். அவர் மனைவி, அதாவது என் மதினி. என் வீட்டுக்காரர். பத்திரம் எழுதுகிறவர். சாட்சிக் கையெழுத்துக்கு வந்த இரண்டு பேர்: ஒருவர் அண்ணனுடைய ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர், இன்னொருவர் எதிர்த்த டீக்கடைக்காரர். ஏழாவது ஆள் நான். எட்டாவதாக ஒருவரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எங்கள் ஊர் போடியில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததுபோலப் பேசினார்கள். நான் மயங்கி விழுந்ததாக ஒருவர். பேனாவை அண்ணன் முகத்தில் விட்டெறிந்ததாக ஒருவர். எனக்கு ஜின் பிடித்துவிட்டதாக எங்கள் தெருக்காரி ஒருத்தி. அப்படி எதுவும் நடக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தேன். அவ்வளவுதான்.

நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது ஒரு விடுதலைப் பத்திரத்தில். எங்களைப் பெற்ற அத்தா மவுத்தானபோது குரங்கணிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் விட்டுப் போனார். மார்க்கச் சட்டப்படி அண்ணனுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. என்னுடையது ஐம்பது சென்ட். அதை அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுக்கிறேன், இனி அதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதித் தருவதுதான் அந்தப் பத்திரம். சும்மா இல்லை. வெளி ஆள் கேட்டதைவிடக் கூடுதலாகவே அண்ணன் விலை பேசியிருந்தார். ஒரு லட்சம் முன்பணமும் தந்துவிட்டார். அதில் அறுபதாயிரம் என் மகளின் நர்சிங் காலேஜுக்குப் போய்விட்டது.

என் அண்ணன் என்னை ஏமாற்றவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவரைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கிட்டங்கியில் போட அவருக்கு ஆசை. பேங்கில் தோட்டத்தை அடமானமாகக் கேட்டார்கள், பட்டா ஒரே பெயரில் இருந்தால் சுலபம் என்றார்கள். நேரான மனுசர், நேரான காரணம். என்னிடம்தான் காரணம் இல்லை.

நான் யாரென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பயப்படுகிற பொம்பளை. கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பார்ப்பேன். மறுபடி போய், மறுபடி வருவேன். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "அணைஞ்சுதான் இருக்கு போக்கா, நான் போயி பார்த்துட்டேன்" என்பாள். என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து எஸ்டேட் ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். அவர் பஸ் ஏறினால் எனக்குக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் வயிற்றில் திரும்பும். போன் போட்டுக்கொண்டே இருப்பேன். பரவாயில்லை என்பதற்கு அவர் அங்கே கற்றுக்கொண்டு வந்த மலையாளச் சொல் ஒன்று உண்டு.

"சாரமில்ல."

"மழை பெய்யுதாங்க? மண்ணு சரியுதாமே?"

"சாரமில்ல."

"பிரேக்கெல்லாம் நல்லாப் புடிக்குதா?"

"ஏய், நான் என்ன டிரைவரா? போனை வையி. சாரமில்ல."

இப்படிப்பட்ட ஒருத்தி எதற்காவது வேண்டாம் என்றால் யார் காதில் வாங்குவார்கள்? நானே வாங்கியதில்லை. எனக்குள் நாள் முழுக்க ஒரு ரேடியோ பாடுகிறது. அதற்கு நடுவே உண்மையான சேதி ஒன்று வந்தாலும் அதை எப்படிப் பிரித்துக் கேட்பது?

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். வயதுக்கு வந்ததும் நிறுத்தினார்கள் என்பது வீட்டில் சொல்கிற காரணம். எனக்குள் வேறொன்று உண்டு. கணக்கில் எனக்கு விடை வந்துவிடும். எப்படி வந்தது என்று எழுதத் தெரியாது. கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், விடை வந்து நிற்கும், அதை எழுதிவிடுவேன். வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து, "வழிமுறை எங்கே?" என்று பக்கத்தில் எழுதுவார். விடை சரி, மதிப்பெண் பூஜ்யம். ஒருநாள் வகுப்பில் நிற்கவைத்துக் கேட்டார்.

"பக்கத்துல பார்த்து எழுதுனியா?"

"இல்ல சார்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுதேன். அதற்குப் பிறகு சரியான விடை வந்தாலும் அடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் எழுதிய தப்பு விடையை அவளுடைய வழிமுறையோடு சேர்த்து எழுத ஆரம்பித்தேன். பாதி மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அடுத்தவர்களின் வழிமுறையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தச் சேலை, எந்த டாக்டர், மகளுக்கு எந்தக் காலேஜ் என்று எல்லாவற்றுக்கும் நான்கு பேரைக் கேட்பேன். நாலாவது ஆள் சொல்வதைச் செய்வேன், அவர் கடைசியாகச் சொன்னார் என்பதால்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் யாரையும் கேட்பதில்லை. தோட்டத்துக் காயில் என் பங்கை அண்ணன் மூட்டையாக அனுப்பிவைப்பார். அதை நான் வீட்டில் முறத்தில் கொட்டிப் பிரிப்பேன். பெருங்காய் தனி, சிறுகாய் தனி. வெடித்தது, கறுத்தது, உள்ளே விதையில்லாத பொக்கு எல்லாம் தள்ளுகாய். நல்லதைப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குத் தருவேன். வருடக்கணக்காக இந்தச் சோலிதான். நல்ல காய் வலப் பக்கம் போகும், தள்ளுகாய் இடப் பக்கம். பொக்குக் காய் மேலே பார்த்தால் பச்சையாக, அழகாக, மற்றதைப் போலவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கை தள்ளிவிடும். தள்ளிய பிறகு சந்தேகப்பட்டு உடைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கேஸ் ஞாபகம் வராது, பஸ் ஞாபகம் வராது. அது பெரிய விஷயம் என்று நான் நினைத்ததே இல்லை. வேலை, அவ்வளவுதான்.

பத்திரத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் மதினி சொன்னார், "எதுக்கும் இஸ்திகாரா தொழுதுரு. பெரிய காரியம்." ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று அல்லாஹ்விடம் கேட்டுத் தொழுகிற தொழுகை அது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும், பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் செய், சிவப்போ கறுப்போ தெரிந்தால் விடு என்று எங்கள் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அப்படி மார்க்கக் கிதாபில் இல்லை, மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் பதில் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் எத்தனை தடவை சொன்னாலும், கனவுக்குக் காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் மூன்று நாள் தொழுதேன். கனவு வர வேண்டுமானால் முதலில் தூக்கம் வர வேண்டும். கனவு வருமோ வராதோ என்ற கவலையில் எனக்கு முதல் இரண்டு நாளும் தூக்கமே இல்லை. காலையில் சுடுதண்ணீர் வைப்பதற்குள் மதினியின் போன் வந்துவிடும்.

"என்னத்தா வந்துச்சு? பச்சையா வெள்ளையா?"

"தூங்கவே இல்ல மதினி."

"தூங்காம எப்படி வரும்? ஒரு மாத்திரை போடேன்."

"மாத்திரை போட்டா அது மாத்திரைக் கனவுல்ல?"

"ஒன்னோட ஒரே ரோதனை."

மூன்றாம் நாள் அசந்து தூங்கினேன். கனவில் கேஸ் சிலிண்டர் வந்தது. எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்றது. காலையில் மதினியிடம் சொன்னேன்.

"சிலிண்டரா? என்ன கலரு?"

"சிலிண்டர் வேற என்ன கலர்ல வரும் மதினி? சிவப்புதான்."

"கணக்குல சேராது. விட்டுரு" என்றார் மதினி.

அதற்குப் பிறகு அண்ணன் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். நான் தோட்டத்துக்குப் போய் ஐந்தாறு வருடம் இருக்கும். "கடைசியா ஒருக்கா பார்த்துக்கத்தா" என்றார். குரங்கணியிலிருந்து ஜீப்பில் போய், இறங்கி நடக்க வேண்டும். ஜீப்பில் என் பாட்டு ஆரம்பித்தது.

"அண்ணே, காட்டுமாடு நிக்கிதாம்ல?"

"நிக்கிது. நம்மளப் பார்த்தா அது ஓடிரும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா நாம ஓடுவோம்." ஜீப்புக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார், என் காலில் தடவவும் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான். நான் நடுங்கிய இடத்திலெல்லாம் அவர் கை இருந்திருக்கிறது. அதையும் சொல்லாமல் விட முடியாது.

தோட்டத்தில் மழை விட்டிருந்தது, மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. செடிகள் என்னைவிட உயரம். அடியில் மண்ணோடு படர்ந்த சரத்தில் காய் கிடந்தது. நான் கேட்டேன், "அண்ணே, இதுல என் பங்கு எது?"

"பங்கு எங்க பிரிச்சோம்? எல்லாம் ஒண்ணாத்தானே கெடக்கு."

"இருந்தாலும், பிரிச்சா எதுவரைக்கும்?"

அவர் யோசித்துவிட்டு, "அந்தப் பலா மரத்துலேர்ந்து கீழ ஓடை வரைக்கும்னு வச்சுக்கயேன்" என்றார். பிறகு வேலை செய்கிறவர்களிடம் பேசப் போனார்.

நான் பலா மரத்திலிருந்து ஓடை வரைக்கும் நடந்தேன். போய், குறுக்கே நடந்து, திரும்பி வந்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து நாலு காய் பறித்து முந்தானையில் முடிந்தேன். அண்ணன் கூப்பிட்டபோதுதான் எழுந்தேன். ஜீப்பில் ஏறும்போது அவர் என் காலைப் பார்த்து, "அய்யய்யோ, இரத்தம்!" என்றார். மூன்று அட்டை கடித்து, குடித்து, விழுந்தும்போயிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அட்டை என்ற பேச்சைக் கேட்டாலே சேலையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறுகிறவள் நான்.

அன்றைக்கு அதை நான் ஒன்றுமாக நினைக்கவில்லை. "மறந்துட்டேண்ணே" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். நான் எதற்காவது பயப்பட மறந்து அவர் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரம். ஜும்ஆவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு அவசரம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும் என்று பத்திர எழுத்தருக்கு அவசரம். ஆளுக்கொரு அவசரத்தில் விரட்டியதில் எனக்குப் பயப்படவே நேரமில்லை. எழுத்தர் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். "முழு மனதுடனும் சம்மதத்துடனும்" என்று ஓர் இடம் வந்தது. எல்லாப் பத்திரத்திலும் வருகிற வாசகம்தானாம். அவர் மூச்சு விடாமல் அதைத் தாண்டிப் போனார்.

"இந்தாங்கம்மா, இங்க ஒண்ணு, பின்னால ஒண்ணு. மத்தத ரிஜிஸ்டர் ஆபீஸ் போயி ஆபீசர் முன்னாடி. வெரசாப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். முனை தாள் பக்கத்தில் போனது. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டேன். யோசித்து வைக்கவில்லை. வைத்த பிறகுதான் பார்த்தேன், இடப் பக்கம் வைத்திருந்தேன்.

அங்கிருந்த ஆறு பேருக்கும் அது ஒரு பேனா. எனக்கு மட்டும் அது எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

"என்னாச்சுத்தா?" என்றார் அண்ணன்.

"மனசு ஒப்பலண்ணே."

பிறகு ஆளாளுக்கு எனக்கு ஒரு காரணம் தர ஆரம்பித்தார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிச்சைக்காரிக்குப் பழைய சேலை தருவதுபோல, இது சேருமா பார், அது சேருமா பார் என்று தந்தார்கள்.

பத்திர எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து முப்பத்தஞ்சு. நான் அப்பவே சொன்னேன். அம்மாவுக்கு ராகுகாலம் பட்டுருச்சு. பன்னெண்டுக்கு மேல வைப்போம், சரியாயிரும்."

"எங்களுக்கு ராகுகாலமெல்லாம் கெடையாது சார்" என்றேன்.

டீக்கடைக்காரர், "பயம்ணே, வேற ஒண்ணுமில்ல. தங்கச்சிக்கு ஒரு டீயைக் குடுத்தா தெளிஞ்சிரும். இருங்க, கொண்டாறேன்" என்று எழுந்தார். அவர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார், நானும் குடித்தேன். நல்ல டீ. மனசு அப்படியே இருந்தது.

மூட்டை தூக்குகிறவர் மெதுவாக அண்ணனிடம், "முதலாளி, வெலை கூட்டிக் கேக்குறாங்களோ?" என்றார். அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கூடக் கேளுத்தா, தர்றேன். எவ்வளவு?"

"வெலையெல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே."

"அப்ப மாப்ளே ஏதாச்சும் சொல்லி அனுப்புனாரா?" என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நானா!" என் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "மச்சான், இந்தத் தொகையில மாடி எடுக்கலாம்னு நான் செங்கலுக்கே வெலை கேட்டு வச்சிருக்கேன்."

அப்போதுதான் மதினி குறுக்கே வந்தார். அவருக்கு நான் அவமானப்படுவதில் விருப்பமில்லை. என்னை மீட்கத்தான் பார்த்தார். "இருங்க இருங்க. இவளுக்குக் கனவுல சிவப்பு வந்துச்சு. என்கிட்ட சொன்னா. நான்தான் விட்டுருன்னேன்."

அண்ணன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அட, இதைச் சொல்ல வேண்டியதுதானே! சிவப்பு வந்திருந்தா வேணாம். யாரு அல்லாஹ்வோட முடிவுக்கு மேல போகப் போறா? பத்திரத்தைத் தூக்கிப் போடுங்க."

எல்லாரும் எழத் தயாராகிவிட்டார்கள். நான் தலையாட்டினால் போதும். அண்ணனுக்கு வருத்தம் இருக்காது, ஊரில் பேச்சு இருக்காது, மதினி பெருநாளுக்குப் பெருநாள் அந்தச் சிவப்பைச் சொல்லிக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பார். வழிமுறை கைக்கு வந்துவிட்டது. விடையும் என்னுடையதுதான். முழு மதிப்பெண்.

"அது சிலிண்டருண்ணே" என்றேன். "கேஸ் தீந்துருமோன்னு பயந்துக்கிட்டே படுத்தேன். அதான் வந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"ஏ, சும்மா இரேன்!" என்று மதினி என் தொடையில் கிள்ளினார்.

"அப்ப எதுக்குத்தான் வேணாங்குற?" அண்ணன் குரல் உயர்ந்தது. "ராகுகாலம் இல்ல, பயம் இல்ல, வெலை இல்ல, கனவு இல்ல. ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

முப்பது வருடத்துக்கு முந்தைய வகுப்பறையில் நிற்பதுபோலவே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அடுத்தவளின் விடையைப் பார்த்து எழுத என் கை போகவில்லை.

"காரணம் தெரியலண்ணே. மனசு ஒப்பல. அவ்வளவுதான்."

"என்னை நம்பலையா?"

"உங்களை நம்புறேன். எப்பவும் நம்புறேன். இன்னிக்கு என்னையும் கொஞ்சம் நம்பிப் பாக்குறேன்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்று அவருக்கு அது சாரமுள்ள விஷயமாகத்தான் இருந்தது. செங்கலுக்கு விலை கேட்டவர் அல்லவா. வீட்டுக்குப் போகும் வழியில், "ஒன்னக் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "சாப்பாட்டுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அண்ணன் மூன்று மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பெருநாளன்று வந்தார். பிரியாணி சாப்பிட்டார். கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, "இப்பவாச்சும் காரணம் தெரிஞ்சுச்சா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். "சரி, கொஞ்சம் கறி போட்டுக் குடு, கொண்டுபோறேன்" என்றார்.

இந்த இடத்தில் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த மெஷின் ஓடாமல் போயிருக்க வேண்டும். பேங்க் தோட்டத்தை ஜப்தி செய்திருக்க வேண்டும். அப்போதுதானே "பார்த்தியா, அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்று சொல்ல முடியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் கிட்டங்கியை அடமானம் வைத்துச் சின்ன மெஷின் வாங்கினார். அது அழகாக ஓடுகிறது. கடனைத் தவறாமல் கட்டுகிறார். ஏலக்காய் விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தோட்டம் முன்புபோலவே அவர் மேற்பார்வையில் கிடக்கிறது, என் பங்கு மூட்டை முன்புபோலவே வருகிறது. நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஒரு கெடுதலும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மாடி இருந்திருக்கும்.

இருந்தும் நான் செய்தது சரி. கெடுதல் வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டு சாட்சிகள் வந்து டீ குடித்துவிட்டுப் போயாயிற்று, அதுவே போதும்.

இதற்குப் பிறகு நான் ஞானம் வந்தவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகள் மதுரையில் படிக்கிறாள், போடியிலிருந்து ரயிலில் போவாள். அவளுடைய வகுப்பில் சுற்றுலா கிளம்பியபோது, "மனசு ஒப்பல, போகாத" என்றேன். அவள் போகவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. நாலாம் நாள், "ம்மா, அது மனசு இல்ல. அது ஒன் சிலிண்டர்" என்றாள். அவள் சொன்னது சரி. அது பயம்தான். பஸ் கவிழ்ந்தால், காய்ச்சல் வந்தால், யாராவது ஏதாவது சொன்னால் என்று அதனிடம் நூறு காரணம் இருந்தது. பயம் எப்போதும் வழிமுறையோடுதான் வருகிறது. மற்றது ஒன்றும் பேசாமல் கையை இடப் பக்கம் நகர்த்திவிட்டுச் சும்மா இருக்கிறது. இது எனக்குப் புரிந்ததே மகள் அழுத பிறகுதான். அடுத்த சுற்றுலாவுக்கு அவளை நானே ரயிலேற்றிவிட்டேன். நடுக்கத்தோடுதான் ஏற்றினேன். எட்டு தடவை போன் போட்டேன். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களில் பழகிவருகிறேன். சாயம் ஏற்றிய காயை என் பாக்கெட்டில் கலந்து தரச் சொல்லி ஒரு கடைக்காரர் கேட்டார். "எல்லாரும் செய்யிறதுதான்க்கா, பச்சையா இருந்தாத்தான் சரக்கு போகும்" என்றார். முன்பென்றால் நாலு பேரைக் கேட்டிருப்பேன். நான் அவர் கொடுத்த காயைக் கையில் வாங்கினேன். கை திருப்பித் தந்துவிட்டது. "ஏன்க்கா?" என்றார். "ஒப்பல" என்றேன். அந்தக் கடை போனது. போகட்டும். இன்னொரு தடவை புது டாக்டரம்மா ஒருவர் என் வயிற்று வலிக்கு ஸ்கேன் எழுதித் தந்தபோது, மனசு ஒப்பவில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அது தப்பு. பிறகு எடுத்துப் பார்த்ததில் கல் இருந்தது. நானும் தப்பாகத் தள்ளுகிறேன். முறத்திலும்தான் எப்போதாவது ஒரு நல்ல காய் இடப் பக்கம் போய்விடுகிறது. அதற்காக யாரும் கையை வெட்டிப் போட்டுவிடுவதில்லை.

வருடத்துக்கு இரண்டு தடவை மேலே போகிறேன். ஜீப்பில் பயம் அப்படியே இருக்கிறது, காட்டுமாட்டையும் விசாரிக்கிறேன். பலா மரத்திலிருந்து ஓடை வரை நடக்கிறேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் இல்லை. வேலை செய்கிற பெண்கள் சிரிக்கிறார்கள், "என்ன முதலாளியம்மா, அளந்து பார்க்குறீகளா?" என்று. "ஆமா, கொறைஞ்சிருச்சான்னு பார்க்குறேன்" என்கிறேன்.

அந்த முன்பணத்தில் மிச்சம் இருந்த நாற்பதாயிரத்தைப் பத்திரம் நின்ற வாரமே திருப்பிவிட்டேன். செலவான அறுபதாயிரத்தை அண்ணன் கேட்கவே இல்லை. "மருமவ படிப்புக்குத்தானே, இருக்கட்டும்" என்றார். மதினி, "தானா வேணாம்னவ தானாத் தரட்டும்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் நான் மதினி கட்சி. அண்ணன் மன்னித்து விட்டுக்கொடுத்தால், என்னுடைய வேண்டாம் என்பது அவர் தயவில் நிற்கிறதாக ஆகிவிடும். பாக்கெட் போட்டு வருகிற காசில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் வாங்கிக்கொண்டே, "இன்னும் தெரியலையா?" என்கிறார். "தெரியலண்ணே" என்கிறேன். பதினேழு தடவை கேட்டுவிட்டார்.

வாத்தியார் இருந்தால் இதற்கும் வழிமுறை கேட்பார். விடையை மட்டும் எழுதுகிறேன். இன்னும் தர வேண்டியது பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.